காற்புள்ளி

செவ்வாய்க்கிழமை, இரவு ஏழு, பள்ளிக்கூட ஜிம்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
அதைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள்.
ஒன்பது கிலோ.
சலவை இயந்திரத்தின் வயிற்றை மட்டும்
தனியே கழற்றிக் கொடுத்ததுபோல.

ஐலிவ் டிரொம்ஸோவில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.
மே பதினேழு ஊர்வலத்துக்கு இன்னும் ஒன்பது வாரம்.
டியூபா ஒன்று சும்மா கிடக்கிறது, குட்வைக்,
உனக்குத்தான் உதடு இருக்கிறதே என்றார்கள்.
இருந்தது.
இருபத்தாறு வருடம் கார்னெட் ஊதிய உதடு.

கார்னெட்டுக்குக் காற்று சேமிப்புக் கணக்கு.
சிட்டிகை எடுத்தால் போதும்.
மீதி நெஞ்சுக்குள்ளேயே நின்று பழசாகும்;
வரி முடிந்ததும் அதை வெளியே கொட்டாவிட்டால்
நிறைந்த நுரையீரலோடு மூச்சுத் திணறும்.
நிறைந்தும் திணறுவது
எனக்கு வெகுநாள் பழக்கம்.

இது வேறு.
முதல் நீண்ட சுரம்:
கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச்
சத்தத்துக்குக் காத்திருந்ததுபோல.
இரண்டாம் கட்டத்துக்குள் நான் காலி.
கண்ணுக்குள் வெள்ளிப் பூச்சிகள்.
நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மீன் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து
சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்தேன்,
வயிற்றின் மேல் துண்டில் சுற்றிய
மூன்று கிலோ உறைந்த காட் மீன்.
மீன் ஏற வேண்டும். தோள் ஏறக் கூடாது.
நாலு எண்ணி உள்ளே, நாலு எண்ணி வெளியே.
அடுத்த வாரம் ஆறு.
வாய் ‘ஓ’ என்று திறக்க,
தொண்டை கொட்டாவியை நினைத்துக்கொள்ள,
மெழுகுவர்த்தியை அணைக்கிற மூச்சு அல்ல,
மூக்குக்கண்ணாடி துடைக்க ஊதுகிற
வெதுவெதுப்பான, அகலமான மூச்சு.
தள்ளாதே. அனுப்பு.
எட்டுக்கு வந்தபோது பூனை வந்து
என் பயிற்சியைப் பக்கவாட்டில் நக்கியது.

இன்னொரு டியூபா ஆஸ்பியூர்ன்.
அவன் படகுக் கொட்டகைக்கும் என்னுடையதற்கும் நடுவே
ஒன்றரை மீட்டர் கூழாங்கல்.
நாலு வருடமாக வழக்கறிஞர்கள் பேசுகிறார்கள்.
நாங்கள் ஒருவரிடம் ஒருவர்
மூச்சுக் காட்டியதில்லை.

அந்த அணிவகுப்பு மெட்டில் எங்களுக்கு
இருபத்திரண்டு கட்டம், இடைவெளியே கிடையாது.
“ரெண்டு பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால்
எல்லாருக்கும் தரை போய்விடும்,
பேசி வைத்துக்கொள்ளுங்கள்” என்றாள் நடத்துநர் சிவ்.
பேசி வைத்துக்கொள்வதாம்.

அவன் தன் தாளை ஸ்டாண்டில்
கொஞ்சம் என் பக்கம் திருப்பினான்.
பென்சிலில் காற்புள்ளிகள்:
மூன்று, எட்டு, பதினாலு, பத்தொன்பது.
நான் என் தாளில் ஐந்து போட்டேன், பதினொன்று போட்டேன்,
அதற்குப் பிறகு பதினாலைத் தவிர
எனக்கு எங்கே போட்டாலும் எட்டவில்லை.
ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

அடுத்த செவ்வாய்
அவன் பதினாலை அழித்திருந்தான்.
ரப்பர் துகள்கூட ஊதித் தள்ளப்படாமல்
அங்கேயே கிடந்தது.

மே பதினேழு. ஆலங்கட்டி, பக்கவாட்டில்.
ஊதுவாய் உதட்டைக் கடித்தது.
கொடி பிடித்த பிள்ளைகள், ரிப்பன்கள், ஐஸ்கிரீம்,
இந்தக் குளிரிலும் ஐஸ்கிரீம்.
துறைமுகத் திருப்பத்தில் அந்த மெட்டு வந்தது.
என் இடப்பக்கம் ஒரு வெண்புகை எழுந்து கலைந்தது:
மூன்று.
பிறகு என்னுடையது.
பிறகு அவனுடையது.
பதினொன்றில் யாரோ குழந்தை குறுக்கே ஓட
நான் மூச்சைத் தவறவிட்டேன்,
பன்னிரண்டில் தட்டுத்தடுமாறி எடுத்தேன்,
பதினாலு தேவைப்படவில்லை.
தேவைப்பட்டவன் அவன்தான்;
கழுத்து வரை சிவந்து,
எனக்குக் கொடுத்த இடத்தைத் தொடாமல்
அப்படியே தாண்டிப் போனான்.
கொட்டகைகளைக் கடந்தோம். இருவருமே பார்க்கவில்லை.

பதினெட்டாம் தேதி விடுப்பு முடிந்து தபால் வந்தது.
அவன் வழக்கறிஞரின் கடிதம்.
மேற்படி நிலப்பரப்பானது என்று தொடங்கி
முக்கால் பக்கம் ஒரே வாக்கியம்,
நடுவில் எங்கும் மூச்சு வாங்க இடமில்லை.

இருந்த காற்றை முழுக்க வெளியே விட்டேன்.
பிறகு பென்சிலை எடுத்தேன்.