கவுண்டர் நான்கு

சுங்கை மெர்பாவ் குடிநுழைவுக் கிளையில்
என் எண் 2117.
பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள்.

"ஒரு நகல் குறையுது."
"போன மாசம் கேட்டதெல்லாம் இருக்கே."
"அது போன மாசம்."
கண்ணாடிக்குப் பின்னால் நீலத் திரை இறங்கியது.
கவுண்டர் நான்குக்குப் பசி.

வெளியே வெயில்.
என் பழைய கான்சிலை மறித்துக்
குறுக்கே ஒரு வெள்ளை மைவி.
காரைக்குடியாய் இருந்தால்
ஹார்னிலேயே ஊரைக் கூட்டியிருப்பேன்.
இங்கே யாரும் ஹார்ன் அடிப்பதில்லை,
சிக்னலும் போடுவதில்லை.
போட்டால் எடுப்பதில்லை.
காலையில் ஒரு செம்பனைக் குலை லோரி
ஆறு மைல் இடப்பக்கம் கண்ணடித்துக்கொண்டே
நேராகப் போனது.
முந்தவும் துணியாமல், நம்பவும் முடியாமல்
அதன் புழுதியைத் தின்றபடி வந்தேன்,
பரிசீலனையில் என்ற முத்திரைக்குப் பின்னால்
மூன்று வருடமாய் வருவது போல.

மைவியின் முன்கண்ணாடியில் ஓர் அட்டை,
அதில் கைபேசி எண்.
அழைத்தேன்.
அலுவலகத்துக்கு உள்ளேதான் மணி அடித்தது.

பாதி கடித்த கறிப்பாப்போடு ஓடிவந்தது
கவுண்டர் நான்கு.
சட்டையில் பெயர் இருந்தது: நோர்லேலா.
"சோரி, பாங், சோரி."
சிரிக்கவும் தெரிந்திருக்கிறது.
பின்னால் பாராமலே பின்னால் எடுத்தாள்.
குப்பைத்தொட்டி சாய்ந்தது.
இருவரும் சேர்ந்து நிமிர்த்தினோம்.
நகலைப் பற்றி அவளும் பேசவில்லை,
நானும்.

இரவு, மீகூன் பெட்டியிலிருந்து
ஓர் அட்டை வெட்டினேன்.
என் கைபேசி எண்ணைப் பெரிதாய் எழுதினேன்.
நாளை எட்டுக்கெல்லாம் போய்
மைவிக்குக் குறுக்கே நிறுத்துவேன்.

அவளே கூப்பிடட்டும்
என் எண்ணை.