லாரி இல்லாத ரோடு

தோலை இரண்டாகப் பிளக்கும் மெஷினைப் பூட்ட
இத்தாலியிலிருந்து வந்தவன் பெயர் ஒஸ்வால்தோ.
பதினோரு நாள், ஆம்பூரில்.
மூன்றாம் நாள் டீ நேரத்தில்
அட்டைப்பெட்டியின் காதைக் கிழித்து
ஒரு கோடு வரைந்தான்.
ஏறி, இறங்கி, மறுபடி ஏறி,
ஓரிடத்தில் செங்குத்தாக விழுந்து.
ஜுரக்காரன் சார்ட்டு என்றான் ஃபிட்டர் முனவ்வர்.
இல்லை, அவன் ஊர் மலைப்பாதையாம்.
ஞாயிறானால் சைக்கிளில் போவானாம்,
நாளெல்லாம் போனாலும்
எதிரே ஒரு டிராக்டர் வந்தால் அதிகமாம்.

பேனாவை என்னிடம் நீட்டினான்.
உன் கோடு?

வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு,
தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு.
பதினாறு வருஷத்தை
மட்டமாக இழுத்துக் காட்டினேன்.
சிரித்துவிட்டான், பாவி.

அந்த ஞாயிறு
முனவ்வர் மகனின் கியர் சைக்கிள் அவனுக்கு,
கியர் என்ற சொல்லே அறியாத என் வண்டி எனக்கு.
மாதனூர் வரை நெடுஞ்சாலை.
லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது
ஒரு முழம் உள்ளே இழுத்து
ஒரு முழம் வெளியே தள்ளியது.
தெற்கே திரும்பினோம்.
யாரோ ரேடியோவை அணைத்த மாதிரி இருந்தது.

ஒடுகத்தூரில் உத்தரகாவேரி மணலாய்க் கிடந்தது.
ஆற்றுக்கு நடுவில் மூன்று ஸ்டம்ப் நட்டு
பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
அதற்கப்பால் மலை.

அவன் ஊர் மலை பச்சையாம், செல்போனில் காட்டினான்.
எங்கள் மலை பாறை.
பத்து மணிக்கே அடுப்பில் வைத்த தோசைக்கல்.
ஐந்தாவது வளைவில் அவன் முகம் பீட்ரூட்.
எட்டாவதில் சீத்தாமரத்தடியில் உட்கார்ந்து
தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.
அவன் பேச்சு எனக்குத் தெரியாது,
என் பேச்சு அவனுக்குத் தெரியாது.
இருவருக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்கியது.
மற்றபடி சத்தமில்லை.
ஓணான் சருகில் ஓடியது கேட்டது.
என் செயின் எண்ணெய் கேட்டது.

மேலே, ஏரிக்கொல்லையில்,
தார் முடிந்து ஜல்லி தொடங்கும் இடத்தில்
சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்
முறத்தைக் கீழே வைத்தாள்.
"ரோடு அளக்க வந்தீங்களா?"
"இல்லம்மா, சும்மா."
"சும்மாவா?"
சைக்கிளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.
"இந்த ரோட்டுல ஒரு வண்டி வராதே."
அதனாலதான் வந்தோம் என்பது
நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
தண்ணீர் குடிக்கிற சாக்கில் விழுங்கினேன்.

என்ன சொல்கிறாள் என்று அவன் கண்ணால் கேட்டான்.
காற்றில் ஸ்டியரிங் பிடித்து
பெரிய பஸ் ஒன்றை ஓட்டிக் காட்டினேன்.
பிறகு இல்லையென்று கையை விரித்தேன்.
அவன் முகம் மலர்ந்து
கட்டைவிரலைத் தூக்கினான்.

அவள் முகமும் மலர்ந்தது.
"ஆகட்டும்னு சொல்றாரா? எப்போலேருந்து?"

அந்த மலையில் நான் ஏறியதிலேயே
செங்குத்தான இடம் அதுதான்.

கடைசியில் ஒரு துணிப்பை கொடுத்தாள்.
சாமை நாலு படி, ஒரு பாட்டில் தேன்.
ஒடுகத்தூர் ஹாஸ்டலில் மகள் குப்பாயி,
பிளஸ் ஒன். கையில கொடுத்துடுங்க.
நடந்துபோனால் அவளுக்கு ஒரு நாள் கூலி போகும்.
எங்களுக்கு நாற்பது நிமிஷம்.

இறக்கத்தில் அவன் கைவிட்டு ஓட்டினான்,
ஏதோ கத்தினான், மலை திருப்பிக் கத்தியது.
நான் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தேன்.
ஹேண்டில்பாரில் தேன் பாட்டில் ஆடியது.
ரப்பர் கருகும் வாசனை ஒடுகத்தூர் வரை.

அவன் போய் ஒரு வருஷமாகப் போகிறது.
மெஷின் ஓடுகிறது, நடுவில் ஒரு தடவை பெல்ட் அறுந்தது.
மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏறுகிறேன்.
கீழிருந்து மாத்திரை, ரீசார்ஜ் கார்டு, ஒருமுறை கொலுசு.
மேலிருந்து அதே துணிப்பை.
பஸ்ஸைப் பற்றி அவள் கேட்பதில்லை.
நானும் எடுப்பதில்லை.

சுவிட்ச் பெட்டிமேல் அட்டையில்
என் கோட்டைத் திருத்தி வரைந்திருக்கிறேன்.
உச்சியில் மட்டும் ஒரு புள்ளி.
என்னப்பா இது, இங்கேதான் ஜுரம் ஜாஸ்தியா
என்றான் முனவ்வர்.
ஸ்டாப்பிங் என்றேன்.