ஆணையர் அறிக்கை, பக்கம் ஏழு

மதுரை சப் கோர்ட் அனுப்பிய ஆள் நான்.
பாலமேடு தாண்டி, மாந்தோப்புக்கு நடுவே
ஜமீன் கோடைக்கு வந்து தங்கிய வீடு.
டேப், சாக்பீஸ், சர்வேயர் அமல்தாஸ்.

கூடத்து வடசுவர் முழுக்க வேட்டை.
நெல்மூட்டை சாய்த்த உயரம் வரை
குதிரைகளுக்குக் கால் இல்லை.
ராணியின் தொப்புளில் காலண்டர் ஆணி.
இடக்கோடியில் கருங்குதிரைமேல் ஒருவர்,
வலக்கோடியில் பன்றி,
நடுவே
கையை விட்டுப் போய்
உடம்பு சேராத ஈட்டி.

"எங்க பாட்டன் எத்திலப்பர், மீசையைப் பாருங்க"
என்று வாதி தன் மீசையைத் தடவினார்.
பிரதிவாதி சில்லம்மாளுக்கும் அவர் பாட்டன்தான்.
மீசைக்கு வழியில்லாமல்
மூக்கைத் திருப்பிக் காட்டினார்.

அளந்தோம்.
சரிபாதிக் கோடு ஈட்டியின் இடுப்பில் விழுந்தது.
மேற்கு, வாதிக்கு: குதிரை, எத்திலப்பர், ராணி, ஆணி.
கிழக்கு, சில்லம்மாளுக்கு:
பன்றி, இரண்டு நாய், ஒரு பனை.

மத்தியானச் சாப்பாட்டுக்குள்
பன்றி வராகமாகிவிட்டது.
"கோரைப்பல் நுனியில மண்ணு ஒட்டியிருக்கு, பாருங்க,
அது பூமாதேவி.
சாமியைக் குத்த வர்றவன்
எங்க வம்சமா இருப்பானா?"
"பன்னி பன்னிதான் சார், அப்படியே எழுதுங்க."
எழுதினேன்: பன்றி, தகராறுக்குரியது.

நாலரை மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில்
சுவரோடு சுவராகப் படுத்தது.
எங்கள் கோட்டுக்கு நாலு விரல் தள்ளி
மேலிருந்து கீழே மெல்லிய வரப்பு.
விரிசல், என்றார் அமல்தாஸ்.
குறுக்குச்சுவருக்கு மதிப்புப் போட வந்திருந்த
கொத்தனார் நாகூர்கனி
டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தடவிப் பார்த்தார்.
"விரிசல் இல்ல சார். இது நேத்துச் சாந்து, இது இன்னைக்குச் சாந்து.
ஈரத்துலயே எழுதி முடிக்கணும்ல.
பொழுது சாஞ்சிருச்சு, போயிட்டான்."

அப்படியானால்
எறிந்தது ஒரு நாள்,
பன்றி வந்தது மறுநாள்.
இடையில் ஒரு ராத்திரி முழுக்க
எத்திலப்பரோ எவரோ
ஓங்கி நின்றது
வெறும் செங்கல்லைப் பார்த்து.

காலையில் வந்தவன் காவியைப் புதிதாகக் குழைத்திருக்கிறான்.
கிழக்குப் பாதி ஈட்டி
ஒரு பிடி வெளுப்பு.
ஆனாலும் வரப்பைத் தாண்டும் இடத்தில்
தூரிகை தயங்கவில்லை.

"செவுத்தை எங்க சார் எழுப்ப?"
நாகூர்கனிக்கு பஸ் ஐந்தே காலுக்கு.

அறிக்கையில் முதலில் எழுதியது:
ஈட்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.
அடித்தேன்.
ஈட்டி, ஒன்று.
பக்கத்தில் சுருக்கொப்பம்.