பூச்சியம் தசம் எட்டு

ரெடிச்சில் மழை. யூனிட் பதினொன்றின் தகரக் கூரைக்குக் கீழே,
பெஞ்சின் மேல் மூன்று ஹெட் கேஸ்கெட்டுகள்:
பூச்சியம் தசம் எட்டு,
ஒன்று தசம் மூன்று,
ஒன்று தசம் எட்டு.
தள்ளி நின்றால் மூன்றும் ஒன்றுதான்.
நாலு பெரிய ஓட்டை, உருக்குத் தகடு, கறுப்புப் பூச்சு.
நகத்தால் நெருடினால்தான் தெரியும்
எது மெலிந்தது, எது தடித்தது என்று.

ஸ்வாவெக் தடித்ததைத் தூக்கிக் காட்டுகிறான்.
“சூப்பர்சார்ஜர் இவ்வளவு காற்றைத் திணிக்கும்.
அதற்கு இடம் வேண்டாமா?
பத்துக்கு ஒன்றாக இருக்கும் அமுக்கத்தை
ஒன்பது சொச்சத்துக்கு இறக்கு.
கேஸ்கெட் முப்பது பவுண். புதுப் பிஸ்டன் நாலும் எழுநூறு.
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?”

அவன் கணக்கு சரி.
சரியான கணக்கோடுதான் போன மார்ச்சில்
இன்னொரு இஞ்சினின் மூன்றாம் சிலிண்டரைப் பொசுக்கினோம்.
அந்தப் பிஸ்டன் இன்னும் ஜன்னலோரம் இருக்கிறது,
எலி கடித்த பிஸ்கட் போல.
கவிழ்த்து வைத்து அதற்குள் வாஷர்கள் போட்டு வைத்திருக்கிறான்.

நான் பதில் சொல்லவில்லை.
பக்கத்து யூனிட் சிறுவர் விளையாட்டுக் கூடத்தில்
ஒரு துண்டு ஊதாக் களி கேட்டு வாங்கி வந்தேன்.
உருட்டிப் பிஸ்டன் தலையின் ஓரத்தில் ஒட்டி,
அவன் சொன்ன தடித்ததையே வைத்து
ஹெட்டை இறக்கிப் பூட்டி,
கிராங்கைக் கையால் இரண்டு சுற்று.
கழற்றினால் களி தட்டையாய்க் கிடந்தது.
பிளேடால் குறுக்கே வெட்டினேன்.
ஒரு காலத்தில் உலகத்துக்கே ஊசி செய்து அனுப்பிய ஊர் இது;
மயிரிழை என்பது இங்கே உவமை அல்ல, அளவு.
வெர்னியர் சொன்னது: இரண்டு மில்லிமீட்டர்.

பிஸ்டன் மேலே முட்டுமளவுக்கு ஏறுகையில்
ஓரத்துக் காற்று பிதுங்கி நடுவுக்குப் பாய வேண்டும்,
தீயைக் கலக்கி விரட்ட வேண்டும்.
இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அது பிதுங்காது.
மூலையில் சோம்பிக் கிடக்கும்.
தீ வந்து சேருமுன்
தானே சூடேறித் தானே வெடிக்கும்.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பதை
போலந்துக்காரனுக்கு எப்படிச் சொல்வது?
வெட்டிய களியை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
நெடுநேரம் பார்த்துவிட்டு
“இது என் பிஸ்டனைக் கொன்ற கேஸ்கெட்டா?” என்றான்.
“அதே தடிப்பு.”
வாஷர்களைப் பெஞ்சில் கொட்டி
பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பெதனுக்குப் போன் எடுத்தேன். கார் அவளுடையது.
பகலில் பல் வைத்தியசாலையில் உதவியாள்,
ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேற்றப் பந்தயம்.
இருநூற்றைம்பது குதிரை கேட்டிருந்தாள்.
மெல்லிய கேஸ்கெட் போடுகிறேன், ஓரம் ஒரு மில்லிமீட்டர் என்றேன்.
அமுக்கம் பத்திலேயே நிற்கும்.
ஆகவே குழிந்த பிஸ்டன் வாங்கு,
இல்லாவிட்டால் சார்ஜருக்குப் பெரிய புல்லி போட்டுக்
காற்றைக் குறைப்பேன்.
“எத்தனை குதிரை போகும்?”
“இருபத்தைந்து. குத்துமதிப்பு.”
அவள் பக்கத்தில் பல் குடையும் சத்தம்.
“எழுநூறு என்னிடம் இல்லை. புல்லி.”

இப்போது அல்வ்சர்ச் மேட்டில், மூன்றாம் கியரில்,
ஸ்வாவெக் மிதிக்கிறான்.
பிளாக்கில் முறுக்கிய செப்புக் குழாய்,
அதிலிருந்து ரப்பர் ஹோஸ், அதன் முடிவில் என் காது.
சார்ஜரின் ஊளையை ஒதுக்கி வைத்துவிட்டு
எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போன்ற
அந்த ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன்.
நாலாயிரம். நாலாயிரத்து ஐந்நூறு.
ஐயாயிரத்தில், மேடு முடியும் இடத்தில்,

ஒன்று.

“என்ன?” என்கிறான், காலை எடுக்காமல்.
ஒன்றுதான். ஒரே ஒரு கடுகு.
கல்லாகவும் இருக்கலாம், அடித்தட்டில் பட்ட கல்.
மடிக்கணினியைத் திறந்து
பொறியை இரண்டு பாகை பின்னுக்குத் தள்ளினேன்.
இன்னும் மூன்று நாலு குதிரை போயிருக்கும்.
பெதனுக்குச் சொல்ல வேண்டும்.

“திருப்பு,” என்றேன். “கீழே இருந்து மறுபடி.”