பியூலாவுக்கு, சாவியோடு

பூட்டு கொஞ்சம் அடம்பிடிக்கும், பியூலா.
கதவை உன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பு.
திறந்ததும் கீழே பார்.
மேஸ்திரி அங்கேதான் நிற்பான்,
கொழுந்துக் கூடையை நிறுக்க வந்தவன் மாதிரி
உன்னை மேலும் கீழும் அளப்பான்.
சுண்டல் வரமாட்டாள், தேட வேண்டாம்.
நடு அறையில் கண்ணாடித் தொட்டியின் மூடிமேல்
வயிறு பரத்திக் கிடப்பாள்.
தை பிறந்தும் கோத்தகிரியில் பனி விடவில்லை,
வீட்டில் சூடான இடம் அது ஒன்றுதான்.

அவள் வயிற்றுக்குக் கீழே,
ஒரு கம்பிவலைக்கும் ஒரு முழம் காற்றுக்கும் அப்பால்,
பொங்கல்.

சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பில்
மிளகு தட்டிப் போட்டதுபோல் புள்ளிகள்.
தின்கிற பண்டத்தின் பெயரை வைத்தது என் தப்பு.

அவளை இறக்கிவிடு, திட்டாமல்.
மூடிக்கு இரண்டு பக்கமும் கொக்கி,
மேலே ஆட்டுக்கல் குழவி.
கொக்கி போதும் என்றான் கடைக்காரன்.

ஐப்பசி மழையில் மரம் விழுந்து
இரண்டு நாள் கரண்ட் இல்லை, ஞாபகமிருக்கிறதா?
தொட்டிக்குள் பன்னிரண்டு டிகிரி.
கல்லுக்கடியில் அவனும் ஒரு கல்லாய்க் கிடந்தான்.
வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி உள்ளே வைக்க
மூடியைத் தூக்கினேன்.
அடுப்பில் பால் பொங்கியது.
ஓடினேன். அணைத்தேன். அவ்வளவு நேரம்தான்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில், தரையில்
ஒரு வால் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.
சுண்டல் இந்தப் பக்கம் தட்ட
மேஸ்திரி அந்தப் பக்கம் தட்ட
தரைச்சக்கரத்தைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் மாதிரி
இரண்டு முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

வாலுக்கு உடையவன் ஓரடி தள்ளி, கட்டில் காலோரம்.
ஓடவில்லை. ஓடுவதற்கு உடம்பில் சூடில்லை.
துள்ளுவதை விட்டுவிட்டு
அசையாததைப் பூனை எதற்குப் பார்க்கும்?
தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்களே,
தம்பிரான் அன்றைக்கு மின்வாரியத்தில் இருந்தார்.

ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
எருமைக்கும் நாய்க்கும் பழகிய டாக்டர் போஜன்
கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு,
இலையைப் புரட்டுவதுபோல் புரட்டிப் பார்த்தார்.
வால் போகட்டும் என்றார். பல் பட்டிருந்தால்
கடுகளவு காயம் போதுமாம்,
பூனையின் எச்சில் மீதியைப் பார்த்துக்கொள்ளுமாம்.
அதனால் ஒரு கீறல் கண்டாலும் காலைவரை காத்திருக்காதே.
அவர் நம்பர் காலண்டரில், பால் கணக்குக்குக் கீழே.

புது வால் வந்திருக்கிறது.
சந்தை டர்னிப் மாதிரி, குட்டையாய், வெளிறி.
பார்த்துச் சிரிக்காதே.
அவனுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து புழு.
அப்போது இரண்டு பேரும் அடுப்படிக்குள், கதவு சாத்தி.
இருட்டியபின் அவர்களை வெளியே விடாதே.
கீழ்த் தோட்டத்தில் நடமாடுவது
பல்லி ஒட்டாத, வெறும் சிறுத்தை.
மேஸ்திரி கதவைப் பிறாண்டுவான்.
தனக்கு மேல் ஒரு துரை உண்டென்று
எந்த மேஸ்திரி ஒத்துக்கொண்டான்?

இன்னொன்று.
சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இவனுக்கு உண்டு.
சுண்டல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்கும்போது
அவன் மெதுவாக இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வான்.
பயமா, அலட்சியமா,
மூன்று மாதமாகப் பார்க்கிறேன், தெரியவில்லை.
உனக்குத் தெரிந்தால் சொல்.

கண்ணாடியை மட்டும் துடைத்துவிடாதே.
உன் கை சும்மா இருக்காது, அதனால் சொல்கிறேன்.
மூக்குத் தடங்கள் அப்படியே இருக்கட்டும்.
எங்கே வரைக்கும் எட்டுகிறார்கள் என்று
ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.
கோட்டுக்கு மேலே ஒரு தடம் தெரிந்தால்
ஸ்டூலை எடுத்து மறைத்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு.
மேட்டுப்பாளையத்தில் கல்யாண வீடு,
மேளச் சத்தத்தில் கேட்காது.
மறுபடியும் பண்ணு.