அரைப்பேர்

ஆஸ்பத்திரியில் தந்த குழாயில் மூன்று பந்துகள்.
மூச்சை இழுத்து மூன்றையும் மேலே நிறுத்தணுமாம்,
ஒப்பரேசனுக்கு முன்னால் இரண்டு கிழமை.
எனக்கு ஒன்றரைப் பந்துதான் ஏறிற்று.
டிலுக்சன் ஒரே இழுவையில் மூன்றையும் ஏற்றிவிட்டு
"நீ இரு, நான் போயிட்டு வாறேன்" என்றான்.

கண்டியில் டாக்டர் ஈரலைத் தாளில் வரைந்து
குறுக்கே கோடு போட்டார்.
இவ்வளவு வெட்டுவோம், திரும்ப வளரும்.
சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.
கவ்வாத்து வெட்டிய மலையில் நின்றவள் நான், சேர்.
வளரும்.
எத்தனை மாதம் கொழுந்து இல்லை, அதைச் சொல்லுங்கள்.

பிறகு தாகம்.
நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்ட மிஸ்ஸிடம்
பனி விழுந்திருச்சா என்று கேட்டேனாம்.
இருமல் வந்தால்
தலையணையை வயிற்றோடு அணைக்க வேண்டும்.
பன்னிரண்டு நாள் அதுதான் கைக்குழந்தை.

நோர்வுட் வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப
தையல்கள் என்னை எண்ணிப் பார்த்தன.

மூன்று மாதம்
இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.
பீலியிலிருந்து அவர் குடம் சுமக்கிறார்,
பொம்பளைகள் சிரிக்க,
பாதி சட்டையில், பாதி வீட்டில்.

கண்ணாடியில் தழும்பு 'ட' போலத் தெரிகிறது.
டிலுக்சனுக்குப் பெருமை,
அவன் பேரில் முதல் எழுத்தின் அண்ணனாம்.

பெரட்டுச் சங்குக்கு
உடம்பு இன்னும் தானாக எழுந்து உட்காருகிறது.

கிலோ குறைந்தால் அரைப்பேர் போடும் கணக்கப்பிள்ளை
வாசலில் நின்று சுகம் விசாரித்தார்.
"பாதிதான் உள்ளுக்கு இருக்கு, ஐயா.
ஆனா அது ராவைக்கும் வேலை செய்யுது."
அவர் கொப்பியைத் திறக்கவில்லை.