நூற்று இருபத்தேழு பல்

இன்வர்கார்கில்லில் கடைகள் ஐந்து மணிக்கே மூடிவிடும்.
திறந்திருந்தாலும் பயனில்லை.
எட்டு மில்லிமீட்டர் தண்டு, ஒரு மில்லிமீட்டர் புரி,
அப்படியொரு மரையாணி
ஆக்லாந்திலிருந்து வர மூன்று வாரம்.
அதுவரை கம்பூட் எப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கும்?

கம்பூட் ஒரு நாய்.
பின்னங்கால் இரண்டும் பால் லாரிக்கு அடியில் போயின.
லாரியை ஓட்டிய திபெனேதான்
இப்போது வளர்க்கிறான்.
இடுப்பில் கட்டும் சக்கரவண்டியை
ஜெர்மனியிலிருந்து தருவித்தான்.
ஞாயிற்றுக்கிழமை அதன் இடது அச்சாணி
எங்கோ விழுந்து தொலைந்தது.

ஹெஸ்டர் டாலியலின் கார்ஷெட்டில் கார் இல்லை.
இங்கிலாந்து லேத் ஒன்று நிற்கிறது,
அவளைவிடப் பதினோரு வயது மூத்தது,
அங்குலம் தவிர வேறு பாஷை தெரியாதது.
அதற்கு மில்லிமீட்டர் பேசவர
ஒரு பற்சக்கரம் மாட்டவேண்டும்:
நூற்று இருபத்தேழு பல்.
ஏன் அந்த எண்?
ஐந்து அங்குலம் என்பது
அத்தனை மில்லிமீட்டர்,
மிச்சம் மீதி இல்லாமல்.

தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரளும்.
எஃகைக் கடைந்தால் சுருள்.
வைக்கோல் நிறத்தில், சிலசமயம் நீலத்தில்,
கழுத்துப்பட்டிக்குள் விழுந்து சுட்டது ஒன்று.
பிளஃப் துறைமுகத்தில் உடைத்த படகின்
சுழல்தண்டிலிருந்து அறுத்த துண்டு அது.
உப்புத்தண்ணீர் குடித்த எஃகுக்குப் பிடிவாதம் அதிகம்.

அரைநட்டைப் பூட்டினால் பூட்டியதுதான்.
அங்குலப் புரி என்றால் திறந்துவிடலாம்,
முகப்பில் எண் வரும்போது மறுபடி பிடிக்கலாம்.
மில்லிமீட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.
விட்ட தடத்தில் திரும்ப ஏற முடியாது.
கத்தியைப் பின்னுக்கு இழு,
மோட்டாரைத் தலைகீழாய் ஓடவிடு,
தொடங்கிய இடத்துக்கே வா,
ஒரு மயிரிழை ஆழம் கூட்டு,
மறுபடி.
பதினேழு தடவை.

ஒன்பதாவதில் போன் அடித்தது.
பன்னிரண்டாவதிலும்.
நிறுத்தி எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.
எண்ணிக்கொண்டிருந்த வாயால்
ஹலோ சொல்ல வராது.

நட்டு ஏறியது.
ஆட்டமில்லை, இறுக்கமில்லை,
எண்ணெய் தடவிய விரலில் மோதிரம்போல.
அதற்குப் பிறகுதான் செய்தியைக் கேட்டாள்:
"ஆணி கிடைச்சிருச்சு ஹெஸ்டர்,
வாஷிங் மெஷினுக்குள்ள இருந்துது. சிரமப்படாதீங்க."
லேத்துக்கு மட்டும் கேட்கும்படி
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

ஆனாலும் போனாள்,
ஆலங்கட்டி மழையில், வைப்பர் ஒன்று வேலை செய்யாத வண்டியில்.
சமையலறை மேசையில் இரண்டு ஆணியையும் பக்கத்தில் வைத்து
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள்.
"பழசுல புரி நசுங்கியிருக்கு. ஒரு மாசம் தாங்கும்."
பொய்.
அது இரண்டு வருஷம் தாங்கும்.
திபெனே தலையாட்டினான்.
அவனுக்கும் தெரிந்திருக்கலாம்.

புதியதை மாட்டினார்கள்.
எவ்வளவு என்று கேட்டான்.
பழையதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கம்பூட் சிமெண்டுத் தரையில் பாய்ந்தது,
பூனையைப் பார்த்ததோ என்னவோ.
இடது சக்கரம் சத்தமே போடவில்லை.
வலதுதான் கீச்சிட்டது.
உள்ளே ஒரு புஷ் வேண்டும், பித்தளையில்.
அளவெடுக்க மைக்ரோமீட்டர்
ஏற்கெனவே அவள் கோட்டுப்பையில் இருந்தது.